13 வயதுப் பூனை குதிப்பதை நிறுத்திவிட்டது: வெறும் வயசா, மூட்டுவலியா?

திண்ணைக்காரி, மதுரை | ஜனவரி 4, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டு மீனாவுக்கு 13 வயது, எடை 4 கிலோ. போன தீபாவளி வரைக்கும் தரையிலிருந்து வாஷிங் மெஷின் மேல் ஒரு தாவு, அங்கிருந்து ஜன்னல் திட்டுக்கு இன்னொரு தாவு என்று போய்விடுவாள். இப்போது மெஷின் முன்னால் வந்து நிற்கிறாள், மேலே பார்க்கிறாள், பின்னங்காலை இரண்டு முறை ஊன்றிப் பார்க்கிறாள். அப்புறம் அங்கே ஏறும் எண்ணமே தனக்கு இல்லை என்பதுபோல உட்கார்ந்து முன்னங்கையை நக்க ஆரம்பித்துவிடுகிறாள். நொண்டவில்லை, கத்தவில்லை. சாப்பாடு வழக்கம்போல.

இன்னும் சில மாற்றங்கள். மணல் தொட்டிக்குப் பக்கத்தில், ஆனால் தொட்டிக்கு வெளியே மூத்திரம் போகிறாள். இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்திருக்கிறது. நடக்கும்போது டைல்ஸில் நகம் டக் டக் என்று சத்தம் கேட்கிறது, முன்பு கேட்காது. தூக்கம் முழுக்க இன்வெர்ட்டர் மேலேதான்.

அம்மா, "வயசாயிட்டா எல்லாருக்கும் அப்படித்தான், எனக்கு முட்டி வலிக்கலியா" என்று தன் தைலத்தை எடுத்து அவளுக்கும் தடவப் போனார். தடுத்துவிட்டேன். இன்று மருந்துக் கடையில் விஷயத்தைச் சொன்னபோது ஒரு அட்டை கொடுத்தார்கள். "வலி மாத்திரைதான், கால் மாத்திரை பாலில் கரைச்சுக் கொடுங்க." அட்டையில் மெலாக்சிகாம், பாராசிட்டமால் என்று இரண்டு பெயர் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

சாம்பல்வால், சென்னை | ஜனவரி 4, இரவு 9.20

கொடுக்காதீர்கள். முதலில் அந்த அட்டையைப் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள், பிறகு மீதியைப் படியுங்கள்.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். "அதிகமானால் ஆகாது" என்கிற வகை இல்லை, கொஞ்சமே ஆகாது. நம் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையிடம் ஏறக்குறைய இல்லை. உடைபடாமல் மிஞ்சுவது ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 4 கிலோ பூனையைக் கொல்ல ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை தேவைக்கு மேல். முறிவு மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். ஆனால் அதற்கு நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று நினைத்து அரை மாத்திரை கொடுத்தார்கள். இரவு கொடுத்தது, காலையில் பூனை இல்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைக்குக் கொடுத்துப் பழகின கை.

திண்ணைக்காரி | ஜனவரி 4, இரவு 9.31

கை நடுங்குகிறது. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். நன்றி.

கருவாட்டுப்பிரியன், நாகர்கோவில் | ஜனவரி 4, இரவு 10.05

இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் அக்கா. எங்கள் பாட்டி காலத்தில் பூனைக்கு யார் ஸ்கேன் எடுத்தார்கள்? மஞ்சளும் இரண்டு பல் பூண்டும் நல்லெண்ணெயில் வதக்கிச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். கூட மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று. மூட்டு வலி என்றால் நொண்ட வேண்டாமா? நொண்டவே இல்லை என்கிறீர்களே.

சாம்பல்வால் | ஜனவரி 4, இரவு 10.11

அண்ணா, பூண்டு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். பாராசிட்டமாலை எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றேனோ கிட்டத்தட்ட அதே காரணம்.

மாட்டு டாக்டர் | ஜனவரி 5, காலை 6.48

அரசு கால்நடை மருத்துவர் நான். என்னிடம் வருவதில் பெரும்பாதி மாடும் ஆடும், அதனால்தான் இந்தப் பெயர். வீட்டில் மூன்று பூனைகள் உண்டு என்பதால் கொஞ்சம் பேசும் தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாட்டுப்பிரியன் கேட்டது நல்ல கேள்வி. நாய்க்கு ஒரு கால் வலித்தால் நொண்டும், நாமும் பார்த்துவிடுவோம். பூனைக்கு மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும். இரண்டு இடுப்பு, இரண்டு முழங்கை, கூடவே கீழ் முதுகு. வலது இடது இரண்டும் வலித்தால் எந்தக் காலை நொண்டுவது? அதனால் அது நொண்டாது, வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஏறாது. முதுகை வளைத்து இடுப்பை நக்க முடியாது, அங்கே முடி சிக்கும். மரத்தைப் பிறாண்டாது, நகம் நீளும், டைல்ஸில் டக் டக் என்று கேட்கும். தொட்டியின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்குவது வலிக்கும், வெளியே போய்விடும். சூடான இடம் இதமாக இருக்கும், இன்வெர்ட்டர் மேல் படுக்கும். அம்மா திண்ணைக்காரி, உங்கள் முதல் பதிவே பாதி நோய்க் குறிப்புதான்.

"வயசு" என்கிற உங்கள் அம்மாவின் பேச்சிலும் உண்மை இருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்து 2002இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. 90 பூனைகளுக்கு மூட்டில் தேய்மானம் தெரிந்தது. ஆக வயசானால் வருவதுதான். வருவதாலேயே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

இப்போது செய்ய வேண்டியது: மருந்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, முடிந்தால் ரத்த அழுத்தம். 13 வயதில் மூட்டோடு சிறுநீரகமும் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த வலி மருந்து என்பதை முட்டியைவிட அதுதான் முடிவு செய்யும். தொட்டிக்கு வெளியே போவதற்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுவார்கள். அப்புறம் இன்னொன்று, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் வைத்தால் பூனை கல்லாகச் சமைந்துவிடும், எதுவும் தெரியாது. மெஷின் முன்னால் நின்று யோசிக்கிறாள் என்றீர்களே, அந்தப் பத்து விநாடி போதும்.

தைலத்தைத் தடுத்தது மிக நல்லது. பூனையின் தோலில் தடவியதெல்லாம் பத்து நிமிடத்தில் வயிற்றுக்குள் இருக்கும். கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், வின்டர்கிரீன் எண்ணெய் எதுவும் அதற்கு ஆகாது. வின்டர்கிரீன் ஆஸ்பிரினின் உறவுக்காரன். ஆஸ்பிரின் பூனை உடம்பை விட்டுப் போக நாள்கணக்கில் ஆகும்.

கருவாட்டுப்பிரியன் | ஜனவரி 5, காலை 8.15

சரி டாக்டர், பூண்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீன் எண்ணெயாவது மிஞ்சுமா?

மாட்டு டாக்டர் | ஜனவரி 5, காலை 8.40

மிஞ்சும், ஆனால் எந்த மீன் எண்ணெய் என்று பார்க்க வேண்டும். மத்தி, நெத்திலி மாதிரி மீன்களின் உடம்பிலிருந்து எடுத்த ஒமேகா 3 எண்ணெய் நல்லது. வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், பலன் தெரிய ஆறேழு வாரமாவது ஆகும். காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ அதிகம். ஈரலையே சாப்பாடாகப் போட்டு வளர்த்த பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகையாகிக் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய்க் கழுத்தே திரும்பாமல் போகும்.

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் பொடிகளைப் பற்றி யாராவது கேட்பீர்கள். கெடுதல் அதிகமில்லை. பலன் உண்டு என்பதற்கான சான்று பலவீனமானது. பணம் இருக்கிறது, மனசு கேட்கவில்லை என்றால் கொடுங்கள். ஆனால் வலி மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுத்து மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். அந்த மூன்று மாதமும் அது வலியோடுதான் இருக்கும். மஞ்சளும் இதே கதைதான்.

திண்ணைக்காரி | ஜனவரி 9, மாலை 7.30

போய்விட்டு வந்தோம். டாக்டர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும், இடது முழங்கையும், கீழ் முதுகும் என்றார். முழங்கை ஓரத்தில் அரிசி மாதிரி ஒரு எலும்புத் துணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.9. சிறுநீரக நோய் இரண்டாம் கட்டம், ஆனால் நிலையாக இருக்கிறது, தொற்று இல்லை. மெலாக்சிகாம் திரவம் எழுதிக் கொடுத்திருக்கிறார், பூனைக்கானது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் வயிற்றில் புளி கரைக்கிறது. அமெரிக்காவில் இந்த மருந்துக்குப் பூனை விஷயத்தில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கிறதாமே, சிறுநீரகம் போய்ச் செத்துவிடும் என்று. கொடுப்பதா வேண்டாமா?

சாம்பல்வால் | ஜனவரி 9, இரவு 8.02

நான் கொடுக்க மாட்டேன். சிறுநீரகப் பிரச்சினை இருக்கும் பூனைக்கு இந்த வகை மருந்து என்றால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எச்சரிக்கை சும்மா போடமாட்டார்கள்.

மாட்டு டாக்டர் | ஜனவரி 9, இரவு 9.15

உங்கள் டாக்டர், சாம்பல்வால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்க எச்சரிக்கை 2010இல் வந்தது. அங்கே பூனைக்கு அனுமதி அறுவை சிகிச்சையின்போது போடும் ஒற்றை ஊசிக்கு மட்டும். அந்த ஊசியின் அளவு பெரியது. அதன்பின் மறுபடி மறுபடி கொடுத்ததில் சிறுநீரகம் செயலிழந்த பூனைகள் இருந்தன, எச்சரிக்கை வந்தது. அதே மருந்தை மிகச் சிறிய அளவில், தினமும், நீண்ட காலம் கொடுக்க ஐரோப்பாவில் 2007லிருந்தே அனுமதி உண்டு. முதல் நாள் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அப்புறம் 0.05. அதிலும் பலன் நன்றாகத் தெரிந்த பிறகு வேலை செய்யும் குறைந்தபட்ச அளவுக்குக் குறைத்துக்கொண்டே வருவோம். சிறுநீரகம் நிலையாக இருந்தால் கவனத்தோடு தரலாம் என்று 2024இல் வந்த சர்வதேசப் பூனை மருத்துவ வழிகாட்டலும் சொல்கிறது. நிலையாக இருந்தால், கண்காணித்தால். இந்த இரண்டையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், ஏன் இவ்வளவு பயம் என்று புரியும். 4 கிலோ பூனைக்குத் தினசரி அளவு 0.2 மில்லிகிராம். மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மாத்திரை 7.5 மில்லிகிராமில் வருகிறது. ஒரு மாத்திரை இவளுக்கு 37 நாள் மருந்து! கடைக்காரர் சொன்ன கால் மாத்திரை என்பதே ஒன்பது நாள் மருந்தை ஒரே வேளையில் கொடுப்பது, பாராசிட்டமாலை விட்டுவிட்டாலும். இன்னொரு குழி: பூனைத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 0.5 மில்லிகிராம், நாய்த் திரவத்தில் 1.5. பாட்டில் ஒன்று போலவே இருக்கும். பூனைக்கான அளவுச் சிரிஞ்சில் நாய்த் திரவத்தை எடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். இந்த எண்களை வைத்து யாரும் வீட்டில் மருந்து கலக்க வேண்டாம். பாட்டிலில் இருக்கும் எண்ணை டாக்டர் எழுதிய எண்ணோடு ஒப்பிடுவதற்காகச் சொன்னேன்.

மறக்கக் கூடாத ஒரே விதி, மீனா சாப்பிடாத அன்று மருந்தும் இல்லை. வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்கவில்லை, அன்றும் இல்லை. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில்தான் இந்த மருந்து சிறுநீரகத்தை அடிக்கும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு ஏதாவது போட்டிருந்தால் சேர்க்கவே கூடாது. இவ்வளவு சொல்லியும் பயமாக இருந்தால் உங்கள் டாக்டரிடமே "வேறு வழி உண்டா" என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தலைப்புக்கு வெளியே ஒரு வார்த்தை. மாட்டு டாக்டர்களுக்கு மெலாக்சிகாம் மேல் தனி மரியாதை உண்டு. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கொத்துக் கொத்தாக விழுந்தன. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கழுகுக்குக் கெடுதல் இல்லாத மாற்றாக வந்தது மெலாக்சிகாம்தான். நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகு பறக்கிறதென்றால் அதற்கும் இதில் பங்கு உண்டு. கழுகின் சிறுநீரகத்துக்குச் சாது, அளவு தவறினால் பூனையின் சிறுநீரகத்துக்கு எமன். மருந்து ஒன்றுதான்.

பனிக்காட்டுப்பூனை, டொரொண்டோ | ஜனவரி 10, காலை 7.55

எங்கட கறுப்பனுக்கு 15 வயது. மெலாக்சிகாம் கொடுக்க ஏலாமல் போனது, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. இப்ப மாதம் ஒருக்கா ஊசி, சொலென்சியா என்று பெயர். இது வழமையான வலி மருந்து மாதிரி இல்லை. வலியைச் சத்தமாக்கிற ஒரு புரதம் உடம்பில் இருக்குதாம், அதைப் போய்ப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்புப் புரதம்தான் இந்த ஊசி. சிறுநீரகத்தால் வெளியேறுகிற மருந்தில்லை என்று எங்கட டாக்டர் விளங்கப்படுத்தினவர். ஐரோப்பாவில் 2021இலும் அமெரிக்காவில் 2022 ஜனவரியிலும் அனுமதி கொடுத்தவை.

முதல் ஊசிக்குப் பெரிய வித்தியாசம் காணவில்லை, காசு போச்சு என்றுதான் நினைச்சன். இரண்டாம் ஊசிக்குப் பிறகு ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் படியேறி வந்து கட்டிலில் கிடக்கிறார். ஒரு குறை, கழுத்தடியைச் சொறிந்து புண்ணாக்கிப் போட்டார். அதுவும் இந்த ஊசியின் பக்கவிளைவாக வரலாமாம். களிம்போடு மாறியது.

திண்ணைக்காரி | ஜனவரி 10, இரவு 9.40

அக்கா, அந்த ஊசியைப் பற்றிக் கேட்டேன். எங்கள் டாக்டரிடம் இல்லை. மெலாக்சிகாம் என்றால் இன்னும் பயம் போகவில்லை என்று சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "சரி, முதலில் காபாபென்டின் பார்ப்போம்" என்றார். நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்தாம். சிறுநீரகத்தை மனதில் வைத்து அளவைக் குறைத்திருக்கிறார். இரவு ஒரு வேளை.

வேப்பமரத்தடி, கோயம்புத்தூர் | ஜனவரி 10, இரவு 10.20

காபாபென்டின் நான் இரண்டு வருடம் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். கடையில் "காபாபென்டின்" என்று கேட்டால் மீத்தைல்கோபாலமின் சேர்த்தது, நார்ட்ரிப்டிலின் சேர்த்தது என்று கூட்டு மாத்திரையாக எடுத்து நீட்டுவார்கள். தனி காபாபென்டின்தான் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். முதல் மூன்று நாள் குடித்தவன் மாதிரி தள்ளாடும். உயரத்தில் ஏறவிடாதீர்கள். அப்புறம் சரியாகிவிடும். ரொம்பத் தள்ளாடினால் அளவு அதிகம் என்று அர்த்தம், டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதென்றாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பொடி கசப்பு. நேராக வாயில் போட்டால் நுரை தள்ளும், பார்க்கிற நமக்கு உயிர் போய்விடும். நான் நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீர் ஒரு ஸ்பூனில் கரைத்து வைப்பேன். முதலில் வெறும் தண்ணீரைக் கொடுத்து ருசி காட்டிவிட்டு, இரண்டாவது ஸ்பூனில்தான் மருந்து. பசியோடு இருக்கும்போது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மோப்பம் பிடித்துவிட்டுப் போய்விடும்.

மருந்தைவிட எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் தரையில்தான் வந்தது. டைல்ஸ் முழுக்க வழுக்கு. சாப்பாட்டுக்கும் தொட்டிக்கும் போகும் வழியில் பழைய கோணிச் சாக்கை மடித்து ஒட்டினேன். அன்றைக்கே நடை மாறியது. நகத்தையும் வெட்டிவிடுங்கள், வயதான பூனைக்கு அது வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும்.

குண்டுராஜா அப்பா, திருச்சி | ஜனவரி 11, காலை 11.02

எங்கள் ஆள் 7 கிலோ. இதே பிரச்சினை. இரண்டு நாள் பட்டினி போட்டால் எடை குறையுமா?

மாட்டு டாக்டர் | ஜனவரி 11, பகல் 1.10

வேண்டவே வேண்டாம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். 7 கிலோவுக்கு 70 கிராம். பொறுமைதான் மருந்து. சமையலறைத் தராசு பத்தாது, கூடையில் வைத்துக் குழந்தை எடை பார்க்கும் மெஷினில் நிறுத்துப் பாருங்கள்.

திண்ணைக்காரி | ஜனவரி 26, மாலை 6.15

மூன்று வாரக் கதை. முதல் இரண்டு நாள் வேப்பமரத்தடி சொன்ன மாதிரியே தள்ளாட்டம். அம்மா பயந்து என்னிடம் பேசவே இல்லை. ஆறாவது நாள் இடுப்பைத் தானே நக்கினாள். அந்தப் பக்கம் நாக்கே போகாமல் இருந்தது. முழங்கை கொஞ்சம் மடக்கித்தான் ஊன்றுகிறாள்.

அப்பா வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மணைக்கட்டையும் அதற்கடுத்து ஒரு முக்காலியும் வைத்துப் படி மாதிரி செய்துவிட்டார். இப்போது மணை, முக்காலி, மெஷின் என்று மூன்று தவணையில் ஏறுகிறாள். ஜன்னல் திட்டுக்கு இன்னும் போகவில்லை. மெஷின் மேலே நின்று திட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு சந்தேகம். நிஜமாகவே மருந்து வேலை செய்கிறதா, அல்லது செய்ய வேண்டும் என்று நான் நினைப்பதால் அப்படித் தெரிகிறதா?

மாட்டு டாக்டர் | ஜனவரி 26, இரவு 8.50

இந்தச் சந்தேகம் வருகிறவர்கள் குறைவு. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தாலும் "பூனை தேறிவிட்டது" என்று வீட்டுக்காரர்கள் சொல்வது ஆய்வுகளிலேயே வந்த தலைவலிதான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்காக ஒரு வழி பார்த்தார்கள். மருந்து கொடுக்கும்போது தேறியதா என்று கேட்பதோடு நிற்காமல், மருந்தை எடுத்தபின் மறுபடி மோசமானதா என்றும் பார்ப்பது. அங்கேதான் நிஜ மருந்துக்கும் வெறும் மருந்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. நீங்களாக நிறுத்திச் சோதிக்க வேண்டாம். ஒரு நோட்டில் மூன்றே மூன்று காரியம் எழுதுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை முறை மெஷின் ஏறினாள், இடுப்பை நக்கினாளா, தொட்டிக்கு உள்ளேயா வெளியேயா. மாதக் கடைசியில் டாக்டர் முன் அந்த நோட்டை வையுங்கள்.

சாம்பல்வால் | ஜனவரி 26, இரவு 9.05

அன்றைக்கு மெலாக்சிகாம் பற்றிக் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன். என் பூனை சிறுநீரகம் கெட்டுப் போனது, அதனால் வந்த பேச்சு.

திண்ணைக்காரி | ஜனவரி 26, இரவு 9.30

அதெல்லாம் இல்லை சாம்பல்வால். முதல் நாள் நீங்கள் அந்தப் பத்து நிமிடத்தில் பதில் போடாமல் இருந்திருந்தால் பாலில் கரைத்திருப்பேன்.

குண்டுராஜா அப்பா | ஜனவரி 27, காலை 9.45

திண்ணைக்காரி அக்கா, தொட்டி விஷயம் என்ன ஆனது? இவனும் வெளியேதான் போகிறான்.

திண்ணைக்காரி | ஜனவரி 27, காலை 10.20

அது தீர்ந்துவிட்டது தம்பி. பழைய தொட்டியின் விளிம்பு என் கையால் ஒரு சாண். கொத்தனார்கள் கலவை அள்ளும் பிளாஸ்டிக் சட்டி ஒன்று வாங்கி, ஒரு பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு வெட்டி, வெட்டின இடத்தில் சைக்கிள் டியூபை ஒட்டினோம், கால் கிழிக்காமல் இருக்க. மணலையும் குறைவாகப் போடுங்கள், ஆழம் அதிகமானால் கால் புதைந்து தடுமாறுகிறாள். உங்கள் ஆள் 7 கிலோ என்றீர்கள், பெரிய சட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.